வெள்ளித் தாம்பாளமும் தர முத்திரையும்: போர்ச்சுகல், வடசென்னை – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பழைய வெள்ளிக் கலன்களின் வரலாற்றை எழுதுவோர் முதலில் தேடுவது அவற்றில் பொறிக்கப்பட்ட முத்திரையையே. முத்திரையுள்ள கலனுக்கு ஊரும் காலமும் செய்தவர் அடையாளமும் கிடைக்கின்றன. முத்திரையற்ற கலனோ ‘உள்ளூர் வேலை’ என்ற குறிப்போடு ஒதுக்கப்படுகிறது. போர்ச்சுகீசியத் தாம்பாளத்தின் முத்திரை முறையைப் பண்டைய புழற்கோட்டத்துக் கடற்கரையில் எழுந்த வடசென்னையின் தர உறுதி முறையோடு ஒப்பிட்டு, முத்திரையின்மை சான்றின்மை ஆகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போர்ச்சுகீசியத் தாம்பாளம்

தாம்பாளத்தைப் போர்ச்சுகீசியர் ‘சால்வா’ என்பர். அரசருக்குரிய உணவை நஞ்சுண்டா என முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்கும் வழக்கத்தோடு தொடர்புடைய சொல் இது. 18ஆம் நூற்றாண்டுக் கலன்களில் பொதுவாக இரு முத்திரைகள் காணப்படும். ஒன்று நகர மதிப்பீட்டாளருடையது. லிஸ்பனுக்கு முடிசூடிய ‘எல்’, போர்த்தோவுக்கு முடிசூடிய ‘பி’. மற்றொன்று கொல்லரின் பெயரெழுத்துகள். செய்தவரும் சோதித்தவரும் வெவ்வேறானவர் என்பதே இம்முறையின் அடிப்படை.

1887 முதல் அரசு மதிப்பீட்டு அலுவலகங்கள் வெள்ளியில் காட்டுப்பன்றித் தலையையும், 1938 முதல் கழுகுத் தலையையும் பொறித்தன. ஆகவே 18ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைந்த தாம்பாளத்தில் கழுகுத் தலை இருப்பின், அம்முத்திரை 1938க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. தூய வெள்ளியை 12 ‘தினெய்ரு’ எனக் கொண்ட பழைய கணக்கில் 11 தினெய்ரு 916 தரமும், 10 தினெய்ரு 833 தரமும் ஆகும். பிற்கால முத்திரைகளிலும் இவ்விரு தரங்கள் இடம்பெற்றன.

தமிழகத்தில் சோதனையும் சான்றும்

உலோகத்தைப் பொது அமைப்பு சோதிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கொடைப்பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. புழற்கோட்டத்துத் திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளும் விளக்கெரிக்க அளிக்கப்பட்ட பொன்னைக் கழஞ்சுக் கணக்கில் பதிந்துள்ளன. இங்கு அளவின் சான்று கோயிற் சுவரில் நின்றது. போர்ச்சுகலில் தரத்தின் சான்று கலனிலேயே நின்றது.

தங்கசாலையும் ரூபாயும்

ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளியின் தரத்தை உறுதிசெய்தது நாணயமே. சென்னையின் நாணயச் சாலை இயங்கிய தங்கசாலை, அதன் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அச்சாலை 1869இல் மூடப்பட்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாயின் எடை 180 கிரெயின். அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. இது பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது போர்ச்சுகலின் 11 தினெய்ரு தரமே.

கலன் செய்விப்போர் ரூபாய்களையே பத்தரிடம் கொடுத்து உருக்கச் செய்வதுண்டு. நாணயத்தின் முத்திரை உருகி மறைந்தாலும், கலனின் எடை ‘ரூபாய் எடை’யாகவே சொல்லப்பட்டது. எனினும் இம்முறையில் குறையுண்டு. உருக்கும்போது செம்பு கலக்கப்பட்டதா என்பதை நாணயம் காட்டாது. உரைகல்லும் பத்தர் மீதுள்ள நம்பிக்கையுமே அதற்குக் காப்பு. பிரித்தானிய இந்தியாவில் வெள்ளிக் கலன்களுக்குக் கட்டாயத் தரச் சோதனை இருக்கவில்லை.

சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் ‘சுவாமி’ வேலைப்பாட்டுக் கலன்களில் பதிந்தது நிறுவனத்தின் பெயர். தெய்வ உருவங்களைத் தட்டியெடுத்த கைவினைஞரின் பெயரன்று. கோயிற் கலன்களிலும் கொடையாளர் பெயரும் எடையும் இடம்பெறுவதுண்டு; பத்தரின் பெயரைக் காண்பது அரிது. போர்ச்சுகீசியக் கொல்லருக்குப் பெயரெழுத்து தந்த வரலாற்று இடம் தமிழ்ப் பத்தருக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. பதிவு முறையின் வேறுபாடே.

முடிவுரை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு 2000இலும் வெள்ளிக்கு 2005இலும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட கலன்களை முத்திரை ஒன்றையே கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. பொறிக்கப்பட்ட எடை, கொடையாளர் பெயர், கோயில் மற்றும் தேவாலயச் சொத்துப் பதிவேடுகள், கலனைச் சிதைக்காத எக்ஸ் கதிர்ச் சோதனை ஆகியவற்றை இணைத்து ஆராய வேண்டும். ஓர் உள்ளூர்க் கலனின் வெள்ளி 916 தரத்தை ஒட்டி அமையுமாயின், அது ரூபாய் வெள்ளியில் செய்யப்பட்டதா என்ற கேள்வியை எழுப்ப இடமுண்டு. பழுதடைந்த கலன்கள் உருக்கப்படுவதற்கு முன்பே இப்பதிவுகள் தொகுக்கப்பட வேண்டும். கலன் உருகினால் அதன் மீதுள்ள எழுத்தும் அழியும்.