கள்

கள்: பனை, தென்னை மரங்களின் பாளையைச் சீவி இறக்கும் சாறு, தானே புளித்துக் கிடைக்கும் மது. களி, களிப்பு ஆகிய சொற்களோடு உறவுடையது. மலையாளத்தில் கள்ளு, தெலுங்கில் கல்லு. நறவு, தேறல் என்பன பழம்பெயர்கள். தேறல் என்பது தெளிந்த கள். திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை.

ஆங்கிலேயரின் பேல் ஏல் என்னும் பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் பூ. பீரைக் கெடாமல் காப்பதும் அதுவே. கள்ளில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சாற்றைப் புளிக்கவைக்கும். இறக்கியவுடன் இனிப்பு, நேரம் ஏற ஏறப் புளிப்பு, அதையும் தாண்டினால் காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. பனையின் அந்த இனிப்புச் சாறே பதநீர். குமரி மாவட்டத்திலும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலும் அதற்கு அக்கானி என்று பெயர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

1956-இல் மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அடுத்திருந்த விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று பாறசாலைப் பக்கம் உரிமம் பெற்ற ஷாப்பில் கள் விற்கலாம். தமிழ்நாட்டின் களியக்காவிளைப் பக்கம் 1987 முதல் அது தடைசெய்யப்பட்ட பொருள்.