கஷ்காய்க் கம்பளத்துச் சிங்கங்கள்

ஈரான் நாட்டின் தெற்கே ஃபார்ஸ் என்னும் மாநிலம் உளது. ஷிராஸ் அதன் தலைநகர். அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலும் சமவெளிகளிலும் ஆட்டு மந்தைகளோடு பெயர்ந்து வாழ்ந்துவந்த குடியினர் கஷ்காய் எனப்படுவர். ஈரானில் வாழினும் அவர்கள் பேசும் மொழி துருக்கிய இனத்தைச் சார்ந்தது. குளிர்காலத்தில் பாரசீக வளைகுடாவை நோக்கிய தாழ்நிலங்களிலும், கோடையில் ஜாக்ரோஸ் மலைத்தொடரின் உயர்ந்த புல்வெளிகளிலும் வெள்ளாட்டு மயிரால் நெய்த கருங்கூடாரங்களை அடித்து அவர்கள் தங்குவர். அவர்தம் மகளிர் கம்பளம் நெய்வதில் பெயர் பெற்றவர்கள். அக்கம்பளங்களுள் சிங்க உருவம் பொறித்தவற்றைப் பற்றியே இன்று மாணவ நேயர்களுக்குச் சில கூற விழைகின்றேன்.

அச்சிங்கத்தை முதன்முறையாகக் காண்பவர் நகைக்காமல் இருத்தல் அரிது. உடல் பக்கவாட்டில் நிற்கும். முகமோ திரும்பி நம்மை நேரே நோக்கும். பல கம்பளங்களில் அது மனித முகத்தையே ஒத்திருக்கும். பிடரி மயிர் சில கோடுகளாகவும், நகங்கள் சீப்பின் பற்களாகவும் அமைந்திருக்கும். ஒரு கால் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருத்தல் உண்டு. உடலின் மஞ்சள் நிறம் பாதியில் வெளுத்து வேறொரு மஞ்சளாக மாறும். ஓவிய ஆசிரியர் ஒருவர் இதற்கு மதிப்பெண் வழங்கத் தயங்குவார். ஆயினும் கண்ணை அதிலிருந்து எடுக்க மனம் வருவதில்லை. ஏன் என்று வினவிப் பார்த்தல் பயனுடையது.

பிழையற்ற கம்பளங்கள் ஈரானில் இல்லாமல் இல்லை. இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபில் கம்பளம் ஹிஜ்ரி 946, அஃதாவது கி.பி. 1539-40-ஆம் ஆண்டினைத் தன்மீதே தாங்கியுள்ளது. அதன் நீளம் ஏறத்தாழப் பத்தரை மீட்டர். ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 340 முடிச்சுகள். கொடிகளும் மலர்களும் தூரிகையால் எழுதியனபோல் வளைந்து செல்கின்றன. ஓவியர் வரைந்த மாதிரி, பட்டுப் பாவு, நிலைத்து நிற்கும் தறி ஆகியவை அமைந்த இடத்தில் இது இயலும்.

கஷ்காய்ப் பெண்ணுக்கு வாய்த்தவை வேறு. நான்கு முளைகளைத் தரையில் அறைந்து, இரு மரங்களுக்கிடையே பாவினை இழுத்துக் கட்டினால் அதுவே தறி. பாவும் ஆட்டு மயிரே. அது இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மந்தை புறப்படும் நாள் வந்துவிட்டால், பாதி நெய்த கம்பளத்தை மரத்தோடு சுருட்டி விலங்கின் முதுகில் ஏற்றவேண்டும். அடுத்த தங்குமிடத்தில் மீண்டும் முளை அறைந்து கட்டும்போது முன்பிருந்த இழுவிசை வாராது. கம்பளத்தின் ஓரம் உள்வாங்கும் அல்லது வெளியே தள்ளும். மஞ்சிட்டி இனத்து வேரும் அவுரியும் காட்டுச் செடிகளும் கொண்டு சிறு சிறு கொப்பரைகளில் சாயமேற்றுவர். ஒரு கொப்பரையின் நூல் தீர்ந்து மறு கொப்பரையின் நூல் தொடங்கும் இடத்திலேதான் நம் சிங்கத்தின் நிறம் மாறுகின்றது.

உருவத்தின் கோணலுக்கு வேறொரு காரணமும் உண்டு. கம்பளச் சித்திரம் சதுரக் கட்டத் தாளில் கட்டங்களை நிரப்புவது போன்றது. ஒரு முடிச்சு ஒரு கட்டம். முடிச்சுகள் நெருக்கமாக இருந்தால் வளைவு வளைவாகவே தோன்றும், அருகியிருந்தால் படிக்கட்டாகிவிடும். ஊடையைத் தளர அடித்தால் கட்டம் நீண்டு சிங்கமும் உயரும். இறுக அடித்தால் சிங்கம் குறுகும். மேலும், அவள் அடியிலிருந்து மேல்நோக்கி நெய்கின்றாள். நெய்து முடிந்த பகுதியின் மேலேயே அமர்ந்து மேலே செல்கின்றாள். சிங்கத்தின் கால்களின்மேல் அமர்ந்துகொண்டு அதன் தலையை நெய்யும் பெண்ணிடம் அளவு தவறிற்று என்று குறை கூறுவார் உளரோ! எஞ்சிய பாவு குறைவாயின் தலை சிறுக்கும். மிகுதியாயின் மேலே ஒரு மானோ பறவையோ வந்து அமரும்.

இறைவன் ஒருவனே குறையற்றவன் ஆதலால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பர் என்றொரு கதை உண்டு. விற்பனையாளருக்கு உதவும் கதை என்பதற்கு மேல் நான் அதனை மதிப்பதில்லை. மேற்கூறிய தறியில் அமர்பவளுக்குப் பிழையை வலிந்து வரவழைக்க வேண்டிய தேவை எங்கே இருக்கின்றது?

இனி, சிங்கம் ஏன்? ஷிராஸுக்கு அண்மையிலுள்ள பெர்சிபோலிஸ் அரண்மனைச் சுவர்களில், ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எருதின்மேல் பாயும் சிங்கத்தைத் தசைநார் தெரியச் செதுக்கி வைத்தனர். ஷியா முஸ்லிம்கள் இமாம் அலியை இறைவனின் சிங்கம் எனப் போற்றுவர். வீரர் கல்லறைமேல் கற்சிங்கம் நிறுத்துவது அந்நாட்டு மலைக்குடிகளின் வழக்கம். ஞாயிற்றைச் சுமந்த சிங்கம் நாட்டுக் கொடியிலேயே இருந்தது; 1979-ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து அது நீக்கப்பட்டது. உயிருள்ள சிங்கமும் ஃபார்ஸில் வாழ்ந்ததே. ஷிராஸுக்கு மேற்கேயுள்ள அர்ஜன் சமவெளி 19-ஆம் நூற்றாண்டில் சிங்கங்களுக்குப் பேர்போனது. துப்பாக்கி பெருகியது, சிங்கம் அருகியது. 1940-களோடு அதனைக் கண்டதாகக் கூறும் செய்திகள் நின்றுவிடுகின்றன. அவ்வினம் இன்று இயற்கைச் சூழலில் எஞ்சியிருப்பது நம் நாட்டின் கூர்ஜரத்தில், கிர் காட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தே. ஆகவே பிற்காலத்துக் கஷ்காய்ப் பெண் காணாத விலங்கையே நெய்தாள். பாட்டியின் கம்பளம், நாணயம், கேட்ட கதை ஆகியவையே அவளுக்கு மாதிரி.

அப்பெண்களின் வாழ்வுக்கும் இடர் வந்தது. ரேஸா ஷா ஆட்சியில், 1930-களில், பெயர்ந்து வாழும் குடிகளை ஓரிடத்தில் நிலைநிறுத்த அரசு படைவலியால் முனைந்தது. மேய்ச்சல் வழிகள் அடைபட்டன. மந்தைகள் பெருவாரியாக மடிந்தன. 1941-இல் மன்னர் பதவி துறந்தபின் பலர் மீண்டும் வழிநடை தொடங்கினர். இவ்வின்னல்களைக் கஷ்காய்ப் பெண்கள் ஏட்டில் எழுதி வைத்ததில்லை, பெரும்பாலோர் எழுத்தறியாதவர்.

ஆயினும் சில கம்பளங்களில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். எண்கள் சில வேளை கண்ணாடியில் தெரிவனபோல் இடவலம் மாறி நிற்கும். எண்ணையும் ஒரு பூவாகவே கண்ட கையின் வேலை அது. வரலாறு பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கின்றது. ஒரு கம்பளத்தில் 1318 என்று உளதெனக் கொள்வோம். அது பழைய சந்திர ஆண்டாயின் கி.பி. 1900-01, ஈரான் 1925-இல் சட்டமாக்கிய சூரிய ஆண்டாயின் 1939-40. முன்னதாயின் வழிநடையில் பிறந்தது. பின்னதாயின் வழி அடைபட்ட காலத்தில் பிறந்தது. எண் இவற்றுள் எதுவென்று சொல்லாது. கம்பளத்தைத் திருப்பி, சாயம் செடியினதா ஆலையினதா என்றும், ஓரம் எத்தனை இடத்தில் கோணியிருக்கின்றது என்றும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.