தூக்கம் யார் கையில்?

இயான் ஃபிளெமிங்கின் ‘மூன்ரேக்கர்’ நாவல் 1955-இல் வந்தது. அதில் லண்டன் கிளப் ஒன்றில் ஜேம்ஸ் பாண்ட் சீட்டாட உட்காருகிறான். எதிராளி கள்ளாட்டம் ஆடும் பெரும் பணக்காரன். பாண்டின் மேலதிகாரியும் அந்த இரவு கூடவே இருக்கிறார். அவர் கண்ணெதிரிலேயே பாண்ட் வெள்ளைப் பொடி ஒன்றை ஷாம்பெயினில் கலந்து குடிக்கிறான். அது பென்செட்ரின், தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமைன் மருந்து. முந்தைய ஆண்டு வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’யிலும் ஜமைக்காக் கடலில் இரவில் நீந்தப் போகிறவனுக்கு அதுதான் துணை. ஃபிளெமிங் இதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவர் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் போரில் விமானிகளுக்கும், எதிரியின் பிடியிலிருந்த நாடுகளுக்குள் அனுப்பப்பட்ட எஸ்.ஓ.ஈ. அமைப்பின் ஒற்றர்களுக்கும் இந்த மருந்தை அரசே கொடுத்தது. அரசின் அந்த ஏற்பாடு நாவலில் நாயகனின் நெஞ்சுரமாகிவிட்டது. ஒற்றன் என்றால் தூக்கத்தை ஜெயித்தவன் என்ற எண்ணமும் வாசகர் மனதில் வேரூன்றியது. உளவின் வரலாற்றைப் புரட்டினால் தெரிவது வேறு. யார் தூங்கலாம், யார் விழித்திருக்க வேண்டும் என்பதை அதிகாரம்தான் முடிவு செய்து வந்திருக்கிறது. நம் அன்றாடத் தூக்கக் கேட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

கௌடில்யர் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் அரசனுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. இரவை எட்டுக் கூறாக்கினால் ஒரு கூறு ஒன்றரை மணி நேரம். முதல் கூறில் அரசன் ஒற்றர்களைப் பார்க்கிறான். மூன்றாவதில் வாத்திய ஒலியோடு படுக்கைக்குப் போகிறான், ஆறாவதில் வாத்திய ஒலியோடு எழுகிறான், ஏழாவதில் மீண்டும் ஒற்றர்களை அனுப்புகிறான். ஆக, அவன் தூங்குவது அதிகம் போனால் நாலரை மணி நேரம். ஆள்பவனே தூக்கத்தைத் தியாகம் செய்தானே என்று இதைக் காட்டி ஒருவர் கேட்கலாம். ஆனால் தன் உடல் வலுவுக்குத் தக்கபடி அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த நூலே அரசனுக்குச் சலுகை தருகிறது. அவன் படுக்கும் முன் வந்து போனவர்களும், எழுந்த பின் அவன் அனுப்பியவர்களும் எப்போது தூங்கினார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரிவது ஸ்டாலின் காலத்துச் சோவியத் விசாரணை அறைகளில். உளவு, சதி என்று குற்றம் சாட்டிக் கொண்டுவந்தவர்களை இரவு பகலாக விசாரிக்கும் முறைக்கு அங்கே ‘கன்வேயர்’ என்று பெயர். விசாரிக்கும் அதிகாரிகள் ஷிப்ட் முறையில் மாறிக்கொண்டே இருப்பார்கள். நாற்காலியில் இருக்கும் கைதி மட்டும் மாறமாட்டான். இரவில் விசாரணை, பகலில் சிறை அறையில் கண்ணை மூடினால் காவலர் எழுப்பிவிடுவார். உடம்பில் தழும்பு விழாது, காட்ட ஒரு காயமும் இருக்காது, ஆனால் சில நாளில் எதை நீட்டினாலும் கையெழுத்து கிடைக்கும். ஆர்தர் கோஸ்லரின் ‘டார்க்னஸ் அட் நூன்’ (1940) நாவலில் ருபாஷோவ் என்ற பழைய புரட்சிக்காரர், கூசும் விளக்கின் எதிரே இப்படித்தான் உடைகிறார். பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான மெனாகெம் பெகின், 1940-இல் சோவியத் ரகசியப் போலீசிடம் சிக்கிய அனுபவத்தைத் தன் நூலில் எழுதும்போது, பசியும் தாகமும்கூட இந்தத் தூக்க ஏக்கத்துக்கு ஈடாகாது என்கிறார். இது சோவியத்தோடு முடிந்த கதையும் இல்லை. 1971-இல் வட அயர்லாந்தில் 14 பேருக்குத் தலையில் முக்காடு போட்டு, சுவரோரம் நிற்க வைத்து, இடைவிடாத இரைச்சலில் தூங்கவிடாமல் செய்தது பிரிட்டன். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் அதை மனிதத்தன்மையற்ற செயல் என்றது, சித்திரவதை என்று சொல்ல மட்டும் மறுத்தது. அமெரிக்க சி.ஐ.ஏ. சில கைதிகளை 180 மணி நேரம் வரை விழிக்க வைத்ததை அந்நாட்டு செனட் குழுவின் 2014 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அது ஏழரை நாள். மன உறுதியால் தூக்கத்தை வெல்ல முடியும் என்று இந்த அரசுகள் ஒருநாளும் நம்பவில்லை. நம்பியிருந்தால் தங்கள் அதிகாரிகளுக்கு ஷிப்ட் போட்டிருக்கமாட்டார்கள்.

உளவு வேலையில் கண்ணயர்ந்தவன் தோற்பான் என்பதும் உண்மைதானே என்று கேட்கலாம். 1944 ஜூன் 6 அதிகாலை, நார்மண்டியில் நேசப் படைகள் இறங்கவிருந்த நேரம். பிரிட்டனுக்காக ஜெர்மனியை ஏமாற்றிவந்த ஸ்பானியர் ஹுவான் புஜோலின் பெயரில், நம்பகத்தைக் கூட்டுவதற்காக, பயன்படாத அளவுக்குத் தாமதமான எச்சரிக்கை ஒன்றை அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அதிகாலை 3 மணிக்கு வானொலியைக் கவனிக்கும்படி முன்பே சொல்லியும், மாட்ரிட்டிலிருந்த ஜெர்மன் நிலையம் அந்த நேரத்தில் பதில் தரவில்லை. இதை ஒரு ஆபரேட்டரின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அந்த நேரத்துக்கு ஆள் இருப்பதை உறுதி செய்ய வேண்டியது நிலையத்தின் பொறுப்பு. விழிப்பு வேண்டும் என்றால் ஆள் மாற்ற வேண்டும்.

அன்றாட வாழ்வில் யாரும் நம்மை விசாரணை அறையில் வைக்கவில்லை, செல்போனை நோண்டி நாமே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம் என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரிலீவர் வராததால் ‘டபுள் டியூட்டி’ பார்க்கும் வாட்ச்மேனுக்கு அது பொருந்தாது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் மில் தொழிலாளிக்கும், அமெரிக்கப் பகலுக்காக இரவைக் கொடுக்கும் கால் சென்டர் ஊழியருக்கும் பொருந்தாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டைப் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. தூக்கம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2011-இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் நள்ளிரவில் கலைத்தது. அந்த வழக்கில் 2012-இல் தீர்ப்பு வந்தபோது, தூக்கமும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.எஸ்.சவுகான் எழுதினார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மே முதல் நாளே அது திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலைத் தொழிலாளிக்காவது இப்படிப் போராட ஒரு சட்டம் இருக்கிறது. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். இரண்டு பேரை வைத்து ஆளுக்கு 12 மணி நேரம் என்று ஓட்டும் குடியிருப்போர் சங்கம், மூன்றாவதாக ஓர் ஆளை எடுத்து எட்டு மணி நேரமாகப் பிரித்தால் கூடும் செலவு ஒரு சம்பளம். பல வீடுகள் பங்கு போட்டால் அது பெரிய தொகை இல்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.