பைண்டு செய்த தொடர்கதைகள்

தமிழ் வீடுகளில் வாசிப்பு வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக முதல் பதிப்புகளை வரிசைப்படுத்துகிறார்கள். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொடங்கி, பதிப்பகங்கள் வழியே அந்த வரிசை நீள்கிறது. அச்சுக்கூடத்தின் வரலாறாக அது சரி. வீட்டின் வரலாற்றுக்கு அது போதாது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல வீட்டு அலமாரிகளை நிரப்பியவை வாரப் பத்திரிகைகளிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த தொடர்கதைகள். அந்த நூலகத்தை உண்டாக்கியவர்கள் வாசகர்கள்தாம் என்பதே என் வாதம்.

‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893லேயே ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வரத் தொடங்கியது. ஆனால் வாரம் தவறாமல் காத்திருக்கும் பழக்கத்தை வீடுவீடாகப் பரப்பியவை 1926இல் பிறந்த ‘ஆனந்த விகட’னும் 1941இல் வந்த ‘கல்கி’யும். ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடியது. இதழை வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, நடுவிலுள்ள கம்பிப் பின்னை நிமிர்த்தி, தாள் கிழியாமல் அந்த வாரத்துப் பக்கங்களை உருவி, சணலால் கட்டிப் பரணில் வைப்பார்கள். கதை முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். அவர் ஊசியால் துளையிட்டுத் தைத்து, பசை தடவி, முதுகில் காலிகோ ஒட்டி, ஓரங்களை வெட்டித் தருவார். வெட்டு சற்று உள்ளே இறங்கினால் வரிக்கடைசி எழுத்து போய்விடும். அத்தியாயம் முடியும் தாளின் மறுபக்கத்தில் வேறொரு கதையின் பாதியோ, கூந்தல் தைல விளம்பரமோ ஒட்டிக்கொண்டு வரும்.

இது வெறும் சிக்கனம் என்று சொல்லலாம். தொடக்கத்தில் சிக்கனம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கதை புத்தகமாக வந்த பின்னும் கட்டுகளை ஏன் பத்திரமாக வைத்திருந்தார்கள்? ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த வந்தியத்தேவனும், ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குக் கோபுலு தீட்டிய சித்திரங்களும் அந்தத் தாள்களில் இருந்தன. அதைவிட முக்கியமாக, வாரத்துக்கு ஒரு முறை கிடைத்த இன்பம் பைண்டு செய்ததும் தினசரி இன்பமானது. அடுப்படி வேலை ஓய்ந்த மதியத்தில், எந்த அத்தியாயத்திலிருந்தும் தொடங்கி, அடுத்த வாரத்துக்காகக் காத்திராமல் படிக்கலாம். வீட்டுப் பெண்களின் நாளில் சொந்தமாக இருந்த சொற்ப நேரத்தை இது நிரப்பியது. இதை அற்பமாக எண்ண முடியவில்லை.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ 18 சதவீதம்தான். அப்படியிருக்க இது சில நடுத்தரக் குடும்பங்களின் பழக்கம் அல்லவா என்பது வலுவான கேள்வி. மாதச் சம்பளம் வந்த வீடுகளில்தான் முழுக் கட்டுகள் சேர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் படித்தவர்களை மட்டும் எண்ணினால் கேட்டவர்கள் விடுபட்டுப்போவார்கள். விக்கிரமாதித்தன் கதை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்பது அதற்கு முன்பே ஊறிய வழக்கம். பள்ளி செல்லாத எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி தம் முதல் நாடகத்தைத் தோழியிடம் சொல்லி எழுதவைத்தார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். கேள்வி ஞானத்திலிருந்து எழுத்துக்கு வரும் வழி திறந்தே இருந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. வீட்டுக் கட்டுகளுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ‘புத்தகம்தான் கடையில் கிடைக்கிறதே’ என்று எடைக்குப் போடுகிறார்கள். கதை கிடைக்கும். முதல் தாளில் மை ஊறிய பெயரும், இரவல் வாங்கிப்போனவரைக் குறித்த பென்சில் எழுத்தும், மறுபக்கத்துத் தைல விளம்பரமும் எந்த மறுபதிப்பிலும் வராது.