மௌக்லி காட்டுப் பெயர்கள்

மௌக்லி கார்ட்டூனில் வரும் விலங்குகளில் பெரும்பாலானவை அம்பாறைக் காடுகளிலும் உண்டு. கரடி, சிறுத்தை, யானை, மலைப்பாம்பு, குரங்கு, நரி எல்லாம் இருக்கின்றன. புலியும் ஓநாயும் இலங்கையில் இல்லை.

யப்பானின் நிப்பொன் அனிமேஷன் தயாரித்த 52 பகுதித் தொடர் அது. 1989இல் அங்கே ஒளிபரப்பாகத் தொடங்கி, 1993இல் தூர்தர்ஷனில் இந்தி பேசியது. பெயர்களோ நூறாண்டு மூத்தவை. 1865இல் பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’ கதைகளிலிருந்து வந்தவை. அவர் அவற்றை எழுதியது இந்தியாவில் அல்ல, அமெரிக்காவின் வெர்மான்ட்டில். சின்ன வயதில் ஆயாவிடமும் வேலையாட்களிடமும் பேசிப் பழகிய இந்துஸ்தானி அங்கேயும் கைகொடுத்தது.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு வினோதமாகக் கேட்ட பெயர்கள் பலவும் வட இந்தியத் தெருக்களில் அன்றாடம் புழங்கியவை. ‘பாலு’ என்றால் கரடி, ‘ஹாத்தி’ என்றால் யானை. புலியைக் குறிக்கும் ‘பாக்’ என்ற சொல்லிலிருந்து சிறுத்தையின் பெயரான பகீரா பிறந்தது.

புலியின் பெயரான ஷேர்கானின் கதை இன்னும் சுவையானது. பாரசீகத்தில் ‘ஷேர்’ சிங்கம். இந்துஸ்தானியில் அது புலிக்கும் ஆகிவந்தது. சிங்கத்தைக் குறிக்கும் ஹைதர், அஸத் என்ற அரபுப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் கல்முனை, சாய்ந்தமருது மக்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. ‘கான்’ தலைமையைக் காட்டும் பட்டம். டில்லியை ஆண்ட ஷேர்ஷா சூரியும் முதலில் ஷேர்கான்தான்; பரீத் என்ற இயற்பெயருடைய அவர், புலியொன்றைக் கொன்றதால் அப்பட்டம் பெற்றார் என்பது மரபு. கிப்ளிங்கின் புலியோ பிறவியிலேயே ஒரு கால் ஊனமானது. ஊருக்கு அவன் ஷேர்கான். பெற்ற தாய்க்கு ‘லங்ரி’, அதாவது நொண்டி. பெரிய பட்டத்தையும் வீட்டுப் பட்டப்பெயரையும் ஒரே விலங்குக்கு வைத்த இடத்தில்தான் கிப்ளிங்கின் கைவண்ணம் தெரிகிறது.

பெரிய பாம்பு வாய் திறந்து சீறும் ஓசையே மலைப்பாம்புக்குக் ‘கா’ என்ற பெயராயிற்று. ஓநாய்கள் வளர்த்த சிறுவனின் பெயரான மௌக்லி என்றால் தவளை என்று கதை சொல்லும். ஆனால் அது தானே உண்டாக்கிய பெயர், எந்த மொழியிலும் அதற்குத் தவளை என்ற பொருள் இருப்பதாகத் தெரியவில்லை என்று கிப்ளிங்கே பின்னர் எழுதிவைத்தார்.

பெயரின் ஓசை ஆணைப் பெண்ணாக்கியதும் உண்டு. ‘ஆ’ என்று முடியும் பெயர் ரஷ்யக் காதுக்குப் பெரும்பாலும் பெண்பெயர். 1967இல் தொடங்கிய சோவியத் கார்ட்டூன் படங்களில் பகீரா பெண் சிறுத்தை.

ஓநாய்த் தலைவன் அகேலாவின் பெயருக்குத் ‘தனித்தவன்’ என்று பொருள். ஓநாயே இல்லாத அம்பாறையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்து, இரவில் வேளாண்மைக்குள் இறங்கும் ஆண் யானையை வயற்காரர் ‘தனியன்’ என்பார்கள். தந்தமுள்ளது கொம்பன், இல்லாதது அலியன். விலங்கின் இயல்பைப் பார்த்துப் பெயர் வைக்கும் இந்த முறையைத்தான் கிப்ளிங்கும் பல இடங்களில் கையாண்டார். நம் பிள்ளைகளுக்காகக் காட்டுக் கதையொன்றைக் கார்ட்டூனாக்க நினைப்பவர்கள், பெயர் தேடுமுன் சம்மாந்துறை வயல்வாடிகளில் காவல் இருப்பவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும்.