அரைப்பேர்க் கணக்கு

கூலி என்பது ஒன்று. கூலியாள் வீட்டுக்குக் கொண்டு செல்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பாடநூல்கள் மன்னர்களின் போர்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதற்கு ஒதுக்குவதில்லை. அதைப் பற்றியே மாணவ நேயர்களுடன் இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் அய்யம்பாளையம் என் ஊர். மருதாநதியின் நீரும் தென்னந்தோப்புகளும் அதன் செல்வம். அண்ணாந்து பார்த்தால் மலை. அந்த மலையில் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்கள். தோப்பு வேலையானாலும் தோட்ட வேலையானாலும், நாளும் அரைநாளும் கொண்டே உழைப்பை அளந்து பழகியவர்கள் நாங்கள். ஆகவே ‘அரை’ என்ற சொல்லின் பின்னால் எவ்வளவு கணக்கு மறைந்திருக்கிறது என்பதில் எனக்கு நெடுநாளாகவே ஓர் ஈடுபாடு உண்டு.

உழைப்புக்கு ஏற்ற பின்னத்தை வகுத்துக் கூலி தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு. வேறு சிலருக்கு முக்கால் பங்கு, அரைப் பங்கு என்றெல்லாம் வகுக்கப்பட்டிருந்தது. கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணி. குறுணி ஒன்றுக்கு எட்டு நாழி. 1,200 குறுணியை 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு மூன்று குறுணியும் இரண்டு நாழிக்குச் சற்று மேலும் வரும். அளக்கும் மரக்காலின் பெயரையும் கல்லிலே வெட்டி வைத்தார்கள். ‘ஆடவல்லான்’ என்பது அதன் பெயர். அளவு மாறினால் கூலி மாறிவிடும் அல்லவா?

திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியும் இதற்காகவே நம் முன்னோர் தலையில் ஏற்றப்பட்டது. கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று பின்னங்களைப் பாட்டுப் போல ஒப்பித்த பிள்ளைகள், பிற்காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு வந்தபோது திகைக்கவில்லை. ஓரணா என்பது ரூபாயில் வீசம், அவ்வளவுதான்.

ஆனால் எண்சுவடி அறியாத ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை ஜில்லாக்களிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் சென்றார்கள். எங்கள் ஊர் அன்று பழைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. வழிச்செலவுக்கும் குடும்பத்துக்குமென்று அவர் கொடுத்த முன்பணம், தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கடனாக நின்றது.

அங்கே கூலிக் கணக்கின் அலகு ‘பேர்’. ஒருவர் ஒரு நாள் நிறைவாக வேலை செய்தால் பதிவேட்டில் ஒரு பேர். பாதி நாள் வேலை செய்தாலும், குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்கத் தவறினாலும் அரைப்பேர். மனிதனின் பெயரே பாதியாக வெட்டப்பட்டது போன்ற இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்குகிறது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு என்று சில சதம் கிடைத்தது. பேர் எண்ணிக்கையால் அவர் பிழைத்தார். பேருக்குரியவர் எப்படிப் பிழைத்தார் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கையில் 1927-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டு, 1929 தொடக்கத்தில் கூலி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. மலைநாட்டுத் தோட்டங்களில் ஒன்பது மணி நேர வேலைநாளுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆணின் கூலியை ஒன்பதால் வகுத்தால் மணிக்குச் சரியாக ஆறு சதம். பெண்ணுக்கு ஐந்து சதம்கூட நிறையாது. ஒரு மாதத்தில் 20 முழுப்பேரும் 5 அரைப்பேரும் பெற்ற ஆணுக்கு 12 ரூபாய் 15 சதம். அதே நாட்களில் அதே அளவு வேலை செய்த பெண்ணுக்கு 9 ரூபாய் 67½ சதம். தேயிலைத் தோட்டத்தின் உயிர்நாடியான கொழுந்து பறித்தலைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்களே என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இது பதிவேட்டில் ஏறிய கூலி. கைக்கு வந்தது இதுவன்று. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கழியும். குளிருக்கு வாங்கிய கம்பளியின் விலை கழியும். முன்பணத்தில் ஒரு பகுதி கழியும். எஞ்சியதே வீட்டுக்கு. எதுவும் எஞ்சாமல் கடன் மட்டுமே வளர்ந்த குடும்பங்களும் இருந்தன. வேறு தோட்டத்துக்குப் போகலாமென்றால், ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கிறோம்’ என்று எழுதிய சீட்டு வேண்டும். ‘துண்டு’ என்பது அதன் பெயர்; ஆங்கில அரசாங்க அறிக்கைகளிலும் அத்தமிழ்ச் சொல்லே அப்படியே ஏறிவிட்டது. புதிய தோட்டம் கடனைத் தீர்க்கும். கடன் ஆளோடு கூடவே மாறும். துண்டு முறையை 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

சட்டம் எழுதினால் மட்டும் கணக்கு நேராகிவிடுமா? தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் கொழும்பில் பத்திரிகை நடத்தியும், 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தும் போராடினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிப் பாடினார். எழுத்தறியாதவர்களுக்குக் கணக்கைக் காதால் புகட்டிய அம்மையார் அவர். 1930-களின் வியாபார மந்தத்தில், முன் சொன்ன கூலி விகிதங்களும் குறைக்கப்பட்டன. 1939-இல் இந்திய அரசு கூலிவேலைக்காக இலங்கை செல்வதையே தடுத்து நிறுத்தியது.

இந்தியாவில் இவ்விஷயம் வேறு வழியில் நடந்தது. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், எதைக் கழிக்கலாம் என்று பட்டியலிட்டது. பட்டியலில் இல்லாததைக் கழிக்கலாகாது. வராத நேரத்துக்குக் கழிப்பதானால், மொத்த நேரத்தில் வராத நேரம் எத்தனை பங்கோ அத்தனை பங்கு மட்டுமே கழிக்கலாம். அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. நம் எண்சுவடிப்படி அது அரைவீசம். அந்த அபராதப் பணமும் முதலாளியின் பெட்டிக்குச் செல்லாமல், தொழிலாளரின் நன்மைக்கே செலவாக வேண்டும் என்றது. இந்த ஒரு விதியை எழுதியவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன்.

அரைப்பேருக்கு மறுமொழி 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்தது. நாட்கூலிக்கு வந்தவர் முழுநாளும் வேலை செய்ய மனமுள்ளவராயிருந்து, முதலாளி வேலை கொடாததால் பாதியில் திரும்ப நேர்ந்தால், அவருக்கு முழுநாள் கூலியே உரியது என்றது அதன் விதி. வேலையில்லை என்று நண்பகலில் அனுப்பிவிட்டு அரைக்கூலி நீட்டும் வழக்கம் சட்டத்துக்கு முரணானது. இவ்விரு சட்டங்களின் பொருளும் பின்னர் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. கழிவுகள் எல்லாம் சேர்ந்தும் ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி.

எல்லாக் கழிவும் இழப்பன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டம் தொழிலாளியின் பங்காக முதலில் பிடித்தது நூற்றுக்கு ஆறேகால்; அதாவது ரூபாய்க்கு ஓரணா. அதே அளவு முதலாளியும் போட வேண்டும். கங்காணியின் கணக்கில் பிடித்தது பழங்கடனுக்குப் போயிற்று. இங்கே பிடித்தது தொழிலாளியின் பெயரிலேயே நின்று வளர்ந்தது. இரண்டும் ‘பிடித்தம்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதுதான் வேடிக்கை.

படித்துக்கொண்டே மணிக்கணக்கில் வேலை பார்க்கும் மாணவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். மணிக்கு 60 ரூபாய், நாளுக்கு மூன்று மணி, மாதத்தில் 22 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 3,960 ரூபாய். இரண்டு நாள் வரவில்லையென்றால் ஆறு மணி நேரத்துக்கு 360 கழியும்; 400 அன்று, 500 அன்று, 360 மட்டுமே. மீதம் 3,600. முன்பணம் 500 வாங்கியிருந்தால் கைக்கு வருவது 3,100. பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதியுள்ள மணி 66-இலிருந்து ஆறு போக 60-ஆக இருக்கிறதா என்று, காசை எண்ணும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.