தனிவிமானப் பயணமும் கூட்டுழைப்பும்: எமி ஜோன்சன், 1930

தனிமனித சாதனைகளாகப் போற்றப்படுவன பலவும் சமூக உழைப்பின் அடித்தளத்தில் எழுந்தவையே. இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவிற்குத் தனியே விமானமோட்டிச் சென்ற முதற் பெண்ணான எமி ஜோன்சனின் பயணத்தையும் நாம் இந்நோக்கில் அணுகுதல் வேண்டும்.

ஹல் நகர மீன் வணிகரொருவரின் மகளான அவர், சட்ட அலுவலகமொன்றிற் பணிபுரிந்தவாறே விமானமோட்டப் பயின்றார். விமானங்களைப் பழுதுபார்ப்பதற்கான உரிமத்தையும் பெற்றார். இயந்திர அறிவு ஆண்களுக்கே உரியதென்ற அக்கால எண்ணத்தை இத்தகைமை மறுத்தது. 1930 மே 5ஆந் திகதி குரொய்டனிலிருந்து 'ஜிப்சி மொத்' என்னும் சிறு விமானத்திற் புறப்பட்ட அவர், ஏறத்தாழ 11,000 மைல்களைக் கடந்து மே 24ஆந் திகதி டார்வினை அடைந்தார். அவரது துணிவு ஐயத்திற்கிடமற்றது.

எனினும் அத்துணிவு செயலாவதற்குத் துணைநின்றவை எவை? விமானம் வாங்கத் தந்தையும் எண்ணெய் வணிகரான வேக்பீல்ட் பிரபுவும் பணமுதவினர். அவர் தங்கிச் சென்ற பாக்தாத், கராச்சி, கல்கத்தா ஆகியன அன்று பிரித்தானிய ஆதிக்கத்திலிருந்த நகரங்கள். பர்மாவின் இன்செயினில் விளையாட்டுத் திடலொன்றில் இறங்கிய விமானம் பள்ளத்தில் வீழ்ந்து சேதமுற்றபோது, அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினர் அதனைச் செப்பனிட உதவினர். அவ்வுதவியின்றிப் பயணம் அங்கேயே தடைப்பட்டிருக்கும்.

'ஜேசன்' எனப் பெயரிடப்பட்ட அவ்விமானம் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றது. அதனை மீண்டும் பறக்கச் செய்த உழைப்பையும் வரலாற்றிற் பதிவுசெய்தல் எமது கடனாகும்.